விற்பனையே தொடங்காத நிகழ்ச்சி டிக்கெட் மறுவிற்பனைத் தளத்தில் எப்படி வந்தது?

‘பாட் எனும் தானியங்கி நிரல்களை வைத்து மொத்தமாக அள்ளிவிடுகிறார்கள், பொது விற்பனைக்குக் காத்திருந்தால் ஒன்றும் மிஞ்சாது, மறுவிற்பனைத் தளத்தில் இப்போதே டிக்கெட் இருக்கிறது, வாங்கிவிடுங்கள்’ என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். ‘இருக்கிறது’ என்பதில்தான் சிக்கல்.

ரசிகர்களுக்கோ வங்கி அட்டைக்காரர்களுக்கோ முன்விற்பனை நடந்திருந்தால் சில டிக்கெட்டுகள் உண்மையாகவே இருக்கலாம். அதுவும் நடக்கவில்லை என்றால், அங்கே தெரிபவற்றில் பல விற்பவர் கையில் இல்லாதவை. முதலில் உங்களோடு விலை பேசி முடித்துவிட்டு, அப்புறம்தான் அதைவிட மலிவாக எங்கே கிடைக்கும் என்று தேடப் போவார். கிடைக்காவிட்டால் ஆர்டர் ரத்து. டிக்கெட் பணம் திரும்பி வந்தாலும், அதை நம்பிப் போட்ட ரயிலுக்கும் அறைக்கும் யார் பொறுப்பு?

அப்படிப்பட்ட டிக்கெட்டைக் கூர்ந்து பார்த்தால் தெரியும்: அரங்கில் எந்தப் பகுதி என்பது மட்டும் இருக்கும், வரிசையோ இருக்கை எண்ணோ இருக்காது. விலையும் அப்படித்தான், சில தளங்களில் கடைசிப் பக்கத்தில்தான் கட்டணங்கள் வந்து ஒட்டிக்கொள்ளும்.

பாட் வைத்து மொத்தமாக அள்ளுகிறார்கள் என்று அவர் சொன்னது சரிதான். அமெரிக்காவில் 2016-இல் அதற்கெதிராகச் சட்டமே வந்தது. ஆனால் முதல் நாளே ‘தீர்ந்துவிட்டது’ என்று காட்டினால் கதை முடிந்துவிடாது. மேடை, கேமரா இடங்கள் முடிவானதும், ஒதுக்கி வைத்த இருக்கைகளை ஏற்பாட்டாளர்கள் அசல் விலைக்கே விடுவதுண்டு. தேதி நெருங்க நெருங்க, டிக்கெட் விற்காமல் கையில் தேங்கிய மறுவிற்பனையாளர்களும் விலையை இறக்குவதுண்டு. எல்லா நிகழ்ச்சிக்கும் அப்படி நடக்காது, உண்மைதான். எப்படியும் வாங்குவதென்றால், டிக்கெட்டை உங்கள் பெயருக்கு மாற்ற அனுமதி உண்டா என்று முதலில் பாருங்கள்.