எலி சாகும்வரை காத்திருக்க வேண்டுமா?
“முதுமை உயிரியலில் போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஒப்பந்த ஆய்வு வேலை) போகாதீர்கள், எலி கிழடாவதற்குள் ஒப்பந்தமே முடிந்துவிடும்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சுண்டெலி இரண்டு, மூன்று வருடம் வாழும், சரி. ஆனால் இந்தத் துறை எலியோடு முடிந்துவிடுவதில்லையே! ஆய்வகங்களில் வளர்க்கும் சி. எலிகன்ஸ் என்ற சிறு புழுவின் ஆயுள் சில வாரம்தான். பிளாட்டினக் கம்பியால் மெல்லத் தொட்டு, அசையாததை இறந்ததாகக் குறிப்பார்கள்; அலுப்பான வேலை, ஆனால் எத்தனை புழு எத்தனை நாள் வாழ்ந்தது என்று காட்டும் ஆயுள் வரைபடம் ஒரு மாதத்துக்குள் கையில். டாஃப்-2 என்ற மரபணுவில் நேர்ந்த மாற்றம் ஆயுளை இரட்டிப்பாக்கியதை அமெரிக்க உயிரியலாளர் சிந்தியா கென்யன் குழு 1993-இல் காட்டியது இந்தப் புழுவில்தான். ஆப்பிரிக்க கில்லிமீன் சில மாதங்களிலேயே கிழடாகிவிடும். எலிதான் வேண்டுமென்றாலும், முதிய எலிகளை வளர்த்து ஆய்வகங்களுக்குத் தரும் ஏற்பாடு அமெரிக்காவின் தேசிய முதுமை நிறுவனத்தில் உண்டு. நேர்காணலில் இதைக் கேளுங்கள்: முதிய எலிகள் இப்போதே கைவசம் இருக்கின்றனவா, இல்லை நாம் போய்த்தான் குட்டியிலிருந்து வளர்க்கணுமா?