கீப்பர் டீ குடிக்கப் போகவில்லை

அந்த வீடியோவை இதுவரை பதினோரு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். பன்னிரண்டே விநாடி. காலி கோல், பந்தைத் தள்ளிக்கொண்டு தனியாக ஓடும் ஒரு பையன், பின்னால் ஒரு காமெடி வசனம். மேலே "கீப்பர் டீ குடிக்கப் போயிட்டாப்ல" என்று ஒரு வரி. ஞாயிற்றுக்கிழமை கோவில்பட்டி கிருஷ்ணா நகர் டர்ஃபில் (செயற்கைப் புல் மைதானம்) நம்ம ஊர்க் கல்லூரி ஆடிய அந்த ஹாக்கி அரையிறுதியைப் பார்த்தவர்கள் எண்பது பேர் இருந்தால் அதிகம். வீடியோவுக்குச் சிரித்தவர்கள் எத்தனை ஆயிரம் என்று அதிலேயே இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

கீப்பர் டீ குடிக்கப் போகவில்லை. கோச் கூப்பிட்டார், வந்தான்.

தெரியாதவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். ஹாக்கியில் ஆடும் பதினோரு பேரில் ஒருவர் கீப்பராக இருந்தே தீர வேண்டும் என்று விதி கிடையாது. பின்தங்கிய அணி கடைசி நிமிடங்களில் கீப்பரை வெளியே எடுத்துவிட்டு இன்னொரு ஃபார்வர்டை இறக்கும். இது நாக் அவுட். 1-2 என்று தோற்றாலும் வீட்டுக்குத்தான், 1-3 என்று தோற்றாலும் வீட்டுக்குத்தான். அப்புறம் யாருக்காகக் கோலில் காவல் நிற்பது?

2024 பாரிஸ் ஒலிம்பிக் அரையிறுதியில் ஜெர்மனியிடம் 2-3 என்று பின்தங்கியபோது இந்திய அணி தன் கீப்பர் ஸ்ரீஜேஷையே வெளியே கூப்பிட்டது. ஸ்ரீஜேஷை! அதற்கு முந்தைய டோக்கியோவில் வெண்கலப் பதக்க மேட்சில் 4-5 என்று இருந்த ஜெர்மனியும் இதையேதான் செய்தது. அவர்கள் செய்தால் வியூகம், நம்ம ஊர்க் கல்லூரிப் பையன்கள் செய்தால் டீக்கடை. நல்லா இருக்கு.

மேட்சைச் சொல்கிறேன். நாலு குவார்ட்டரில் இரண்டாவது முடியும்போது நம் கல்லூரி 0-2. ஒன்று பெனால்டி கார்னர் (கோலுக்குப் பக்கத்தில் தப்பு செய்தால் எதிரணிக்குக் கிடைக்கும் வாய்ப்பு), இன்னொன்று ஸ்டிக்கில் பட்டுத் திசை மாறிய பந்து. இரண்டிலும் கீப்பர் செய்வதற்கு எதுவும் இல்லை. மூன்றாவது குவார்ட்டரில் நம் சென்டர் ஹாஃபுக்கு மஞ்சள் அட்டை, ஐந்து நிமிடம் பத்துப் பேரோடு ஆட்டம். அந்த ஐந்து நிமிடத்தை யாராவது வீடியோ எடுத்தீர்களா? ஒரு ட்ராக் ஃப்ளிக், அதாவது ஸ்டிக்கால் இழுத்துச் சுழற்றி எறிந்த பந்து, வலது மேல் மூலையைப் பார்த்துப் போகிறது. கை எட்டாது. நம் கீப்பர் ஸ்டிக்கை நீட்டி, அதன் ஓரத்தால் தட்டிவிட்டான். பந்து திரும்பி வந்ததும் படுத்த வாக்கிலேயே காலால் உதைத்து வெளியே தள்ளினான். என் பக்கத்தில் இருந்த எதிரணிக்காரர் ஒருவர் எழுந்து நின்று கை தட்டினார். அது பன்னிரண்டு விநாடிக்குள் அடங்காது போல.

நாற்பத்தொன்பதாவது நிமிடம் 1-2. முடிய இரண்டரை நிமிடம் இருக்கும்போது கீப்பர் வெளியே வந்தான். ஐம்பத்தொன்பதாவது நிமிடம் நமக்குப் பெனால்டி கார்னர். அடித்த பந்தைக் கோல் கோட்டின் மேல் நின்ற டிஃபெண்டர் ஸ்டிக்கால் நிறுத்திவிட்டார். நாலு விரற்கடை தள்ளிப் போயிருந்தால் 2-2. அங்கிருந்து அவர்கள் நீளமாக அடித்த பந்துதான் உங்கள் வீடியோ. அதிலும் ஒன்று கவனியுங்கள். கோல் காலியாகக் கிடந்தாலும் ஹாக்கியில் தூரத்தில் இருந்து அடித்துப் போட முடியாது, 'டி'க்குள், அதாவது கோலுக்கு முன்னால் இருக்கும் அரைவட்டத்துக்குள் போய்த்தான் அடிக்க வேண்டும். அதனால்தான் அந்தப் பையன் அவ்வளவு தூரம் ஓடுகிறான். அவனுக்குப் பின்னால் நம் ஃபுல் பேக் உயிரைக் கொடுத்துத் துரத்தி, 'டி' விளிம்பில் பாய்ந்து விழுந்து, முட்டி உரிந்து ரத்தத்தோடு எழுந்தான். வீடியோவை வெட்டியவர் அவனையும் சேர்த்து வெட்டிவிட்டார். காமெடிக்கு இடைஞ்சல் பாருங்கள்.

அம்பயரைப் பற்றி நான் பேசப் போவதில்லை. கோட்டில் நிறுத்திய பந்து எழும்பி இன்னொரு டிஃபெண்டரின் காலில் பட்டது, மறுபடியும் கார்னர் கொடுத்திருக்க வேண்டும், நான் இருந்த இடத்திலிருந்து தெளிவாகத் தெரிந்தது. இந்த மாதிரிப் போட்டிகளில் ரெஃபரல் (வீடியோ பார்த்து முடிவு சொல்லச் சொல்வது) கிடையாது. சரி, அம்பயரும் மனுஷன்தான். பேசவில்லை.

"இரண்டரை நிமிடம் முன்னாடியே எடுத்தது அவசரம் இல்லையா?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. கடைசி ஒரு நிமிடத்துக்கு வைத்திருக்கலாம் என்று எனக்கும் தோன்றியது. ஆனால் அந்த கார்னர் கிடைத்ததே கூடுதலாக ஒரு ஆள் இருந்ததால்தான். "நீங்க அந்தக் கல்லூரியில படிச்சவர், அதான் பேசறீங்க" என்கிறார் இன்னொருவர். ஆமாம், படித்தேன். அதனால் என்ன? "சும்மா ஜோக்குங்க, லைட்டா எடுத்துக்கோங்க" என்பவர்களுக்குத்தான் எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஜோக் உங்கள்மேல் இல்லையே, லைட்டாகத்தான் இருக்கும்.

நானும் கீப்பர்தான். இருபத்தெட்டு வருஷம் முன்னால், டர்ஃப் எல்லாம் கனவிலும் இல்லாத காலத்தில், சரளைக்கல் கிடக்கும் மைதானத்தில். பந்து எந்தக் கல்லில் பட்டு எங்கே எழும்பும் என்று அந்த ஆண்டவனுக்கே தெரியாது. ஒரு மேட்சில் பந்து என் இரண்டு காலுக்கும் நடுவில் போய்விட்டது. ஒரே ஒரு பந்து. டீக்கடையில் எனக்கு 'ரயில்வே கேட்' என்று பெயர் வந்தது. ரயில் வராத நேரத்து கேட், திறந்தே கிடக்கும் என்று விளக்கம் வேறு. என் கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்து அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தவர்கள் உண்டு. அன்று நான் தடுத்த ஏழு பந்து எனக்கு மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. அப்போது செல்போன் இல்லை, அதனால் எனக்கு ஒரு டீக்கடையோடு போயிற்று.

மாரீஸ்வரனும் கார்த்தியும் 2022-இல் ஜகார்த்தாவில் இந்திய ஹாக்கி அணிக்காக ஆசியக் கோப்பை ஆடியபோது "எங்க ஊருப் பசங்க" என்று ஸ்டேட்டஸ் வைத்தவர்கள்தான் இப்போது சிரிப்புப் பொம்மை போடுகிறார்கள். கார்த்தி அரியலூர்க்காரர், இங்கே விடுதியில் தங்கிப் பயிற்சி எடுத்தவர். அவரையும் ஊரோடு சேர்த்துக்கொண்டோம், சந்தோஷம். ஜெயித்துவிட்டு வந்தால் எந்த ஊர்ப் பிள்ளையும் நம் பிள்ளை. தோற்றால் டீ குடிக்கப் போனவன்.

ஞாயிற்றுக்கிழமை மேட்ச் முடிந்த பிறகு அந்தக் கீப்பர் பையன் கோலுக்குப் பின்னால் உட்கார்ந்து பேடைக் கழற்றிக்கொண்டிருந்தான். இடது கால் பேடின் பட்டை அறுந்துபோய், சைக்கிள் ட்யூபை வெட்டிக் கட்டியிருந்தான். ஈரத்தில் முடிச்சு இறுகி அவிழவில்லை, பல்லால் கடித்து இழுத்தான். கீப்பர் செட் ஒன்று என்ன விலை என்று தெரியுமா சிரித்தவர்களுக்கு? நல்லா ஆடினடா என்றேன். "கார்னர் உள்ள போயிருக்கணும்ணே" என்றான். அப்போது அவன் அந்த வீடியோவைப் பார்த்திருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கு வரவில்லையாம். புதன்கிழமை வந்தானாம், செல்போனை வீட்டிலேயே வைத்துவிட்டு.

இனிமேல் அந்த வீடியோவை எனக்கு அனுப்புகிறவர்களை பிளாக் செய்யப் போகிறேன். மாமா, உங்களையும் சேர்த்துத்தான்.