போட்டிக்குப் பணம் கட்டும் முன்

சென்ற வாரம் குன்னத்தூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர் போன் செய்தார். பகலில் பனியன் கம்பெனி வேலை, இரவில் திரைக்கதை. "அண்ணா, ஒரு திரைக்கதைப் போட்டிங்க. 3,500 ரூபாய் கட்டோணும். அனுப்பலாமுங்களா?" அது சனிக்கிழமை அவர் கைக்கு வரும் வாரச் சம்பளத்தில் பெரும்பகுதி. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசித்ததை இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இதே கேள்வியோடு இந்தப் பக்கம் இன்னும் பலர் இருக்கிறார்கள்.

நான் திருப்பூரில் மெர்ச்சண்டைசர், பனியன் ஆர்டர்களைப் பார்த்துக்கொள்பவன். ஆர்டர் தரும் பையருக்கு ஒரு சாம்பிள் அனுப்பினால், ரிஜெக்ட் ஆனாலும் கமெண்ட்ஸ் வரும். கழுத்து அரை சென்டிமீட்டர் அகலம், தோள் இறங்குகிறது, ஷேடு சேரவில்லை. அதைப் பார்த்துத்தான் அடுத்த சாம்பிள் போடுவோம். சில வருடங்களுக்கு முன் நானும் ஒரு போட்டிக்குப் பணம் கட்டித் திரைக்கதை அனுப்பினேன். எட்டு மாதம் கழித்து இரண்டு வரியில் மின்னஞ்சல். தேர்வாகவில்லை, தொடர்ந்து எழுதுங்கள். கதை எங்கே தொய்கிறது, இடைவேளை வரையாவது யாராவது படித்தார்களா, எதுவும் தெரியவில்லை. அந்த இரண்டு வரியை வைத்துக்கொண்டு ஒரு காட்சியைக்கூடத் திருத்த முடியாது. இன்றும் அதை நினைத்தால் மனசு கசக்கிறது.

அதனால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: படித்தவர் எழுத்தில் கருத்துத் தருவாரா? தருவார் என்றால் அந்தப் பணத்தைப் படிப்புச் செலவாக நினைத்துக் கட்டலாம். இல்லையென்றால், கடைசிச் சுற்றுக்கு வந்தவர்களைத் தயாரிப்பாளர் யாராவது உட்காரவைத்துப் பேசியிருக்கிறார்களா என்று விசாரியுங்கள். போன வருடம் ஜெயித்தவரையே தேடிப்பிடித்துக் கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால் வேண்டாம்.

அடுத்தது விதிமுறைகள். இதை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள். ஆபீசில் பர்ச்சேஸ் ஆர்டரை வரி வரியாகப் படிக்கிற நான், அன்று ஒரு டிக் அடித்துவிட்டு அனுப்பினேன். பிறகு படித்தால், வந்த கதைகளை அமைப்பாளர்கள் தங்கள் தேவைக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று ஒரு வரி இருக்கிறது! ஜெயிக்காத கதைக்கும் சேர்த்துத்தான். இரண்டு நாள் தூக்கமே வரவில்லை.

1957-ஆம் வருடக் காபிரைட் சட்டப்படி, எழுதி முடித்ததுமே காப்புரிமை உங்களுடையது. பதிவு கட்டாயம் இல்லை. ஆனால் வெறும் கருவுக்குக் காப்புரிமை கிடையாது. ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் 1978-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. அதனால்தான் 'ஒன்லைன் மட்டும் அனுப்புங்கள்' என்று ஓரிரு வரியில் கதைச் சுருக்கம் கேட்கிற போட்டிகளைக் கண்டால் எனக்குப் பயம். முழுத் திரைக்கதையை எழுதிப் பதிந்துவிட்டு அனுப்புங்கள். சென்னையில் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கம் இருக்கிறது. மும்பை ஸ்கிரீன்ரைட்டர்ஸ் அசோசியேஷனில் உறுப்பினரானால் ஆன்லைனிலேயே பதியலாம். 2018-ல் விஜய் நடித்த 'சர்கார்' படத்தின் கதைப் பிரச்சினையில் ஓர் உதவி இயக்குநருக்குத் துணை நின்றது, 2007-ல் அவர் சென்னைச் சங்கத்தில் பதிந்துவைத்த 'செங்கோல்' என்ற கதைதான். அப்போது சங்கத் தலைவர், நம் கோபிச்செட்டிபாளையம் பக்கத்து வெள்ளாங்கோவிலில் பிறந்த பாக்யராஜ்.

போட்டி நம்மை ஏன் இழுக்கிறது என்பது எனக்குப் புரியாமல் இல்லை. தூரம்தான் காரணம். ஒரு காலத்தில் கோவை சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டுடியோ இருந்தது. 1947-ல் வந்த 'ராஜகுமாரி'க்கு எழுதக் கலைஞர் இங்கே வந்து தங்கினார். இப்போது கோபி வயலுக்கும் பொள்ளாச்சித் தோப்புக்கும் கேமரா மட்டும்தான் வருகிறது. கதை சொல்ல வேண்டுமென்றால் நாம் ஈரோட்டில் ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னைக்குப் போக வேண்டும். லீவு கிடைக்காதவனுக்குப் போட்டி ஒரு வாசல் மாதிரித் தெரிகிறது.

ஆனால் நம் சினிமாவில் கதையைப் படிக்கிறவர்களைவிடக் கேட்கிறவர்கள்தான் அதிகம். இரண்டு மணி நேரம் எதிரில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். நமக்குப் பெரிதாகக் கதவு திறந்த போட்டி கலைஞர் டிவியின் 'நாளைய இயக்குனர்', அதுவும் குறும்படப் போட்டி. கார்த்திக் சுப்புராஜும் நலன் குமாரசாமியும் அங்கே எடுத்துக் காட்டித்தான் வந்தார்கள். ஆஸ்கர் அகாதமியின் நிக்கோல் ஃபெலோஷிப் 1986-லிருந்து நடக்கும் மதிப்பான போட்டிதான், ஆனால் அது ஆங்கிலத் திரைக்கதைக்கானது. தம்பியின் கதையில் ஓர் அம்மிச்சி, அம்மாவைப் பெற்ற பாட்டி, "ஏங்கண்ணு, சாப்புட்டயா" என்று கேட்கிற இடத்தில்தான் உயிரே இருக்கிறது. அதை ஆங்கிலத்தில் எப்படிக் கொண்டுபோவது?

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். கடைசித் தேதி என்று ஒன்று இருந்தால்தான் சிலருக்கு எழுத்து நகரும். எனக்கும் அப்படித்தான் முதல் திரைக்கதை முடிந்தது. அந்தத் தேதியை இலவசமாகவே எடுத்துக்கொள்ளலாமே.

நேற்று தம்பியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். இந்தப் போட்டி கருத்தும் தருவதில்லை, விதிமுறையில் நான் பார்த்த அதே வரியும் இருக்கிறது, அனுப்ப வேண்டாம். கடைசித் தேதிக்குள் எழுதி முடித்துப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வாங்க, நான் கடைசிப் பக்கம் வரை படித்து, பக்கத்துக்குப் பக்கம் கமெண்ட்ஸ் எழுதித் தருகிறேன் என்றேன். "வர்றனுங்கண்ணா" என்றார். அடுத்த ஞாயிறு, பெருமாநல்லூரில் எங்கள் வீட்டில். வேறு யாராவது எழுதிக்கொண்டிருந்தால் நீங்களும் வாங்க.