கத்தரிக்கோலைக் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

டிசம்பர் பிறந்தால் எங்கள் வீட்டில் முதலில் காணாமல் போவது கத்தரிக்கோல். அடுத்தது பசை. மூன்றாவது என் பொறுமை. பெரியவளுக்கு ஏழு வயது, சின்னவனுக்கு நாலரை. கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குள் ஒருவருக்கொருவர் கொடுக்கும் பரிசு கையால் செய்ததாகத்தான் இருக்க வேண்டும் என்று மூன்று வருடம் முன்பு ஒரு வேகத்தில் முடிவெடுத்தோம். "பரவாயில்லையே, நல்ல பழக்கம்" என்று யாராவது பாராட்டினால் இப்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஏனென்றால் முதல் இரண்டு வருடம் அந்தப் பரிசுகளைச் செய்தது பிள்ளைகள் இல்லை. நான்.

அந்த நட்சத்திரக் கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தப் பதிவுக்கே அர்த்தமில்லை.

பெரியவளுக்கு அப்போது ஐந்து வயது. தாத்தாவுக்கு ஒரு காகித நட்சத்திரம் செய்கிறேன் என்று உட்கார்ந்தாள். ஐந்து முனை. நாலு முனை சுமாராக வந்தது, ஐந்தாவது முனை வாழைத்தண்டு மாதிரி வளைந்து தொங்கியது. அவளுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. மேசை மேல் வைத்துவிட்டுத் தூங்கப் போனாள். எனக்குத்தான் கை அரித்தது. ராத்திரி பதினொரு மணிக்கு அந்த முனையைப் பிரித்து, நேராக மடித்து, புதிதாக ஒட்டி, சுற்றிலும் ஒரு ஜிகினா பட்டையும் வைத்தேன். காலையில் எழுந்து வந்து பார்த்தாள். அழவில்லை, சண்டை போடவில்லை. "இது யாரு பண்ணது?" என்று மட்டும் கேட்டாள். "உன்னோடதுதான்டா, அம்மா கொஞ்சம் சரி பண்ணேன்" என்றேன். கிறிஸ்துமஸ் அன்று தாத்தாவிடம் கொடுக்கச் சொன்னபோது என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டாள். "நீயே குடு. நீதானே செஞ்ச."

நான் கொடுத்தேன். தாத்தாவுக்கு அது பிடிக்கவும் செய்தது. அதைவிட மோசமான பரிசை என் வாழ்க்கையில் நான் யாருக்கும் கொடுத்ததில்லை.

அதற்குப் பிறகுதான் யோசிக்க ஆரம்பித்தேன். கிறிஸ்துமஸ் என்றாலே குழந்தைகளை நாம் வாங்குகிற இடத்தில்தான் உட்கார வைக்கிறோம். கிறிஸ்துமஸ் தாத்தா வருவார், பெட்டி வரும், பிரி, சிரி, போட்டோ எடு. கொடுக்கிறவர்கள் நாம், வாங்குகிறவர்கள் அவர்கள். கையால் செய்த பரிசு என்ற இந்த ஒரு வழக்கத்தில்தான் அவர்கள் கொடுக்கிறவர்களாக முடியும். அங்கேயும் போய் நாம் கத்தரிக்கோலைப் பிடுங்கிக்கொண்டால் எப்படி?

குழந்தைகளுக்குக் கொடுக்கத் தெரியாது, நாம்தான் கற்றுத்தர வேண்டும் என்பது பெரியவர்களின் கற்பனை. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் லாரா அக்னினும் அவருடன் இருந்தவர்களும் செய்த ஓர் ஆய்வு 2012-இல் வெளியானது. இரண்டு வயதுகூட நிரம்பாத குழந்தைகள். முன்னால் ஒரு குரங்குப் பொம்மை. தங்களுக்குத் தின்பண்டம் கிடைத்தபோது இருந்ததைவிட, அதைப் பொம்மைக்குக் கொடுத்தபோது குழந்தைகளின் முகத்தில் சந்தோஷம் அதிகமாகத் தெரிந்தது. ஆய்வாளர் எங்கிருந்தோ எடுத்துத் தந்ததைப் பொம்மைக்குக் கொடுத்தபோது இருந்ததைவிட, தன் கிண்ணத்திலிருந்தே எடுத்துக் கொடுத்தபோது இன்னும் அதிகம். இதைப் படித்தபோது எனக்கு அந்த நட்சத்திரம்தான் ஞாபகம் வந்தது. அவள் கிண்ணத்திலிருந்து எடுத்து நான் கொடுத்திருக்கிறேன்.

யாருக்கு என்ன பிடிக்கும் என்று சின்னக் குழந்தைக்கு எங்கே தெரியப்போகிறது என்பார்கள். தெரியும், நாம் நினைப்பதைவிடச் சீக்கிரம். 1997-இல் வெளியான ஓர் ஆய்வில் பெட்டி ரெப்பாகோலி, அலிசன் கோப்னிக் என்ற உளவியலாளர்கள் குழந்தைகள் முன்னால் ப்ரோக்கோலியை ரசித்துச் சாப்பிடுவது போலவும், பிஸ்கட்டைக் கண்டு முகம் சுளிப்பது போலவும் காட்டிவிட்டு, பிறகு ஏதாவது கொடு என்று குழந்தைகளிடம் கை நீட்டினார்கள். 14 மாதக் குழந்தைகள் தங்களுக்குப் பிடித்த பிஸ்கட்டையே நீட்டின. 18 மாதக் குழந்தைகள் ப்ரோக்கோலியைக் கொடுத்தன. நாலு மாதத்துக்குள் அவ்வளவு வளர்ச்சி! (எங்கள் சின்னவன் மட்டும் மூன்று வயதிலும் 14 மாதத்திலேயே நின்றான். அப்பாவுக்கு அவன் கொடுத்தது, சக்கரம் கழன்ற தன்னுடைய லாரி. அப்பா அதை இன்னும் மேசையில் வைத்திருக்கிறார், பேப்பர் பறக்காமல் இருக்க.)

இன்னொன்று. நாம் இன்று கடையில் ரெடிமேடாக வாங்கும் கிறிஸ்துமஸ் பொருள்களில் பாதி, யாரோ ஒருவர் பக்கத்தில் இருந்த பிள்ளைகளுக்காகக் கையில் கிடைத்ததை வைத்துச் செய்ததுதான். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு ஞாயிறுகளைக் கொண்ட திருவருகைக் காலத்தில் ஏற்றும் மெழுகுவத்தி வளையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹாம்பர்க்கில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய யோஹான் ஹின்ரிக் விஹெர்ன் என்ற பாதிரியாரைப் பிள்ளைகள் "கிறிஸ்துமஸ் எப்ப வரும்?" என்று தினமும் நச்சரித்திருக்கிறார்கள். அவர் 1839-இல் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்து, ஞாயிற்றுக்கிழமைக்குப் பெரிய வெள்ளை மெழுகுவத்தி, மற்ற நாளுக்குச் சின்னச் சிவப்பு மெழுகுவத்தி என்று வைத்து, தினம் ஒன்றாக ஏற்றினார். எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள், என்னைக் கேட்காதீர்கள் என்று அர்த்தம். அந்த மனிதரின் அலுப்பு எனக்கு நன்றாகப் புரிகிறது.

டிசம்பர் முழுக்கத் தினம் ஒரு சின்னக் கதவைத் திறக்கும் அட்டைக் காலண்டரும் அப்படித்தான். கெர்ஹார்ட் லாங் என்ற ஜெர்மானியர் 1900-களின் தொடக்கத்தில் அதை அச்சிட்டு விற்க ஆரம்பித்தார். அவர் சிறுவனாக இருந்தபோது அவருடைய அம்மா ஓர் அட்டையில் 24 குட்டித் தின்பண்டங்களைப் பொருத்திக் கொடுத்திருந்தார் என்பதுதான் அதற்கு விதை. வாசலில் தொங்கவிடும் பல முனை நட்சத்திரம், 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜெர்மனியில் மொராவியன் என்ற கிறிஸ்தவச் சபையின் பள்ளி ஒன்றில் பையன்களுக்கு வடிவியல் பாடத்துக்காகச் செய்ய வைத்தது. கணக்கு வகுப்பு! அதில் எத்தனை பையன்களின் முனை வாழைத்தண்டாகத் தொங்கியதோ, அன்றைக்கு யாரும் ராத்திரி உட்கார்ந்து சரிசெய்திருக்க மாட்டார்கள். இயேசு பிறப்பைக் காட்டும் குடிலும்கூட, 1223-இல் புனித பிரான்சிஸ் கிரெச்சோ என்ற ஊரில் ஒரு தீவனத்தொட்டி, வைக்கோல், உயிருள்ள ஒரு மாடு, ஒரு கழுதை, இவ்வளவையும் வைத்து மக்களுக்குக் காட்டியது.

வாழ்த்து அட்டை மட்டும் இதற்கு நேர் எதிர். லண்டனில் ஹென்றி கோல் 1843-இல் ஜான் ஹார்ஸ்லி என்ற ஓவியரை வரைய வைத்து அதை அச்சடித்ததே, வந்து குவிந்த கடிதங்களுக்கு உட்கார்ந்து பதில் எழுத நேரமில்லாததால்தான். ஆக, "நேரமில்லை" என்பதும் பழைய கிறிஸ்துமஸ் பாரம்பரியம்தான். நம்மைக் குறை சொல்ல வேண்டாம்.

நேரமில்லை என்றதும் ஒரு தோழி கேட்டது ஞாபகம் வருகிறது. "இதெல்லாம் நேரம் இருக்கிறவங்க பேசுற பேச்சு. நான் வேலைக்குப் போய்ட்டு வந்து பசை வேற ஒட்டணுமா?" நியாயமான கேள்வி. வீட்டில் செய்யும் பரிசு என்றால் பெரும்பாலும் அம்மா செய்யும் பரிசு என்றே ஆகிவிட்டது. வீடியோ பார்த்து, சாமான் வாங்கி, வெட்டி, ஒட்டி, கடைசியில் பிள்ளையின் பெயரை மட்டும் எழுதி, அதையும் அம்மாவே எழுதி. இதற்குக் கடையில் வாங்கிக் கொடுப்பது எவ்வளவோ மேல். நாங்களும் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு பரிசு கடையில்தான் வாங்குகிறோம், அதில் எனக்கு ஒரு குற்றவுணர்வும் இல்லை. ஆனால் நான் தோழியிடம் சொன்னது இதுதான்: கையை எடுத்துவிட்டால் நேரம் தானாகக் கிடைக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் பழைய செய்தித்தாள் விரித்து, சாமான்களைப் போட்டுவிட்டு, நான் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடிக்கிறேன். அவ்வளவுதான் என் வேலை.

எங்கள் வீட்டு ஏற்பாடு இப்போது இப்படி. டிசம்பர் முதல் ஞாயிறு ஒரு டப்பாவில் ஆறு பேரின் சீட்டு. நாங்கள் நாலு பேர், தாத்தா, பாட்டி. யார் பெயர் வருகிறதோ அவருக்கு மட்டும் செய்தால் போதும். கத்தி, சூடான பசை, இஸ்திரிப் பெட்டி, அடுப்பு, இந்த நாலுக்கும் மட்டும் பெரியவர்கள் கை வைக்கலாம். அதுவும் கேட்டால்தான். "கோணலா இருக்கே" என்ற வார்த்தைக்குத் தடை. ஜிகினாவுக்கும் தடை, அது வேறு காரணம், ஈஸ்டர் வரை தலையணையில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

எல்லாம் வெட்டி, துளை போட்டு, எண் போட்டு வரும் கிட் வகையறாவையும் நிறுத்திவிட்டோம். பன்னிரண்டு குழந்தைகள் செய்தால் பன்னிரண்டும் ஒரே மாதிரி வரும் பொருளில் குழந்தை எங்கே இருக்கிறது? அதற்குப் பதில் ரொம்ப மட்டமான சாமான்தான் வேலைக்காகிறது: அட்டைப்பெட்டி, நூல், பொத்தான், பழுப்புத் தாள். உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி அச்சு செதுக்கிக் கொடுத்தால் நாலு வயதுக் குழந்தை பரிசு சுற்றும் தாளைத் தானே செய்துவிடும். சின்னவன் போன வருடம் அத்தனை பேரின் பரிசுத் தாளையும் அப்படித்தான் செய்தான். தரையையும் சேர்த்து.

உப்பு மாவு பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் அதில் நான் நன்றாகப் பட்டிருக்கிறேன். இரண்டு பங்கு மைதா, ஒரு பங்கு உப்பு, ஏறக்குறைய ஒரு பங்கு தண்ணீர். பிசைந்து, தட்டி, உள்ளங்கையைப் பதித்தால் பாட்டிகள் உருகிவிடுவார்கள். ஆனால் கனமாகத் தட்டினால் வெளியே காய்ந்து உள்ளே ஈரமாகவே இருக்கும். நான் தட்டியது விரல் தடிமன். பாட்டிக்குக் கொடுத்த மூன்றாவது வாரம் பேரனின் உள்ளங்கையில் பூஞ்சை பூத்தது. அரை சென்டிமீட்டருக்கு மேல் போகாதீர்கள், திருப்பிப் போட்டுப் பல நாள் காய வையுங்கள். வீட்டில் நாய் இருந்தால் எட்டாத உயரத்தில் மாட்டுங்கள், அவ்வளவு உப்பு நாய்க்கு விஷம்.

இனி, கொஞ்சம் சர்ச்சையான விஷயம். காலித் தீவனத்தொட்டியில், நல்ல காரியம் செய்யும்போதெல்லாம் ஒரு வைக்கோல் வைத்து, இயேசு பாலனுக்கு மெத்தை தயார் செய்யும் வழக்கம் நிறைய வீடுகளில் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த வழக்கம். முதல் வருடம் பெரியவள் வந்து நின்றாள்: "தம்பிக்கு பொம்மைய குடுத்தேன், குப்பைய எடுத்துப் போட்டேன். எத்தன வைக்கோல்?" அன்று சாயங்காலம் தம்பியிடமிருந்து பொம்மையைப் பிடுங்கி மறுபடி கொடுத்துக்கொண்டிருந்தாள், வைக்கோலுக்காக. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் 1973-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொல்கிறது. படம் வரைவதில் ஆசை உள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பகுதிக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். ஓரிரு வாரம் கழித்துப் பார்த்தால், அந்தக் குழந்தைகள் தாமாக வரையும் நேரம் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதியாகியிருந்தது. நாங்கள் வைக்கோலை நிறுத்தவில்லை. யாரும் பார்க்காதபோது வைக்க வேண்டும், யாரிடமும் சொல்லக் கூடாது என்று மாற்றினோம். கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு மூலமான புனித நிக்கோலாஸும் கதைப்படி ராத்திரியில் யாருக்கும் தெரியாமல்தானே கொடுத்தார். இப்போது தொட்டி மெதுவாகத்தான் நிரம்புகிறது. "நல்ல பிள்ளையா இருந்தாத்தான் கிறிஸ்துமஸ் தாத்தா வருவார்" என்று மிரட்டுவதையும் அத்தோடு விட்டோம். பரிசு என்று சொல்லிவிட்டு அதைக் கூலி ஆக்குவது எனக்குப் பிடிக்கவில்லை.

வாங்குகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "ஐ, சூப்பர்!" என்று கத்திவிட்டு அலமாரியில் பூட்டாதீர்கள். பயன்படுத்துங்கள். போன வருடம் பெரியவளுக்குப் பாட்டி பெயர் வந்தது. பத்துத் துண்டுத் தாள் வெட்டி, ஒவ்வொன்றிலும் "ஒரு தடவை ஊசீல நூல் கோத்துத் தருவேன்" என்று எழுதிக் கொடுத்தாள். பாட்டி அதைப் பத்திரப்படுத்திக் கண்ணீர் விடவில்லை. ஜனவரி முடிவதற்குள் பத்தையும் தீர்த்துவிட்டு இன்னும் பத்து கேட்டார். "அடுத்த கிறிஸ்துமஸ் வரைக்கும் வெயிட் பண்ணுங்க பாட்டி" என்று பதில் வந்தது. இருவருக்கும் அதில் பேரம் நடந்து, கடைசியில் மூன்று சீட்டுக்கு முடிந்தது.

படம் ஏன் போடவில்லை என்று கேட்பீர்கள். பெரியவள் அனுமதி தரவில்லை, "குடுக்கறதுக்கு முன்னாடி எல்லாரும் பாத்துட்டா என்ன இருக்கு?"

இந்த வருடம் சீட்டு எடுத்தாயிற்று. சின்னவனுக்கு வந்தது என் பெயர். எனக்கு எப்படித் தெரியும் என்றால், எடுத்த ஐந்தாவது நிமிடம் என்னிடம் வந்து, "உன் பேருதான் வந்துச்சுன்னு நான் உன்கிட்ட சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். வெள்ளிக்கிழமையிலிருந்து என் தையல் டப்பாவில் பச்சை நூல் இல்லை, நாலு பெரிய பொத்தானும் இல்லை. கட்டிலுக்கு அடியில் பசை வாசம். அந்தப் பக்கம் பெருக்காமல் இருக்கிறேன்.