சும்மா இருக்கத் தெரியாதவனின் தவக்காலம்

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய நாற்பது நாள் நோன்புக் காலம்தான் தவக்காலம். அது தொடங்கும் திருநீற்றுப் புதன் நெருங்கினாலே கத்தோலிக்கர் நடுவில் ஒரு கேள்வி சுற்றிவரும். "இந்தத் தவக்காலத்துக்கு எதை விடப் போறீங்க?" ஒருவர் இறைச்சி என்பார், ஒருவர் சிகரெட் என்பார், இன்ஸ்டாகிராம் என்று சொல்கிற பிள்ளைகளும் உண்டு. குறை சொல்லவில்லை, விடுவது நல்லதுதான். ஆனால் "எப்படிச் செபிக்கப் போறீங்க?" என்று என்னை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. நானும் யாரையும் கேட்டதில்லை.

திருநீற்றுப் புதன் பூசையில் வாசிக்கும் மத்தேயு நற்செய்தியின் 6-ஆம் அதிகாரத்தில் தருமம், செபம், நோன்பு மூன்றும் வரிசையாக வருகின்றன. ஊர் பார்க்கச் செய்யாதே என்பதுதான் மூன்றுக்கும் நிபந்தனை. இதில் நோன்புக்குத் தெளிவான கணக்கு இருக்கிறது. 18 வயது முடிந்தவர்கள் 59 நிறையும் வரை திருநீற்றுப் புதனன்றும் புனித வெள்ளியன்றும் ஒருசந்தி இருக்க வேண்டும். ஒருவேளை முழுச் சாப்பாடு, மற்ற இரண்டு வேளையும் சேர்த்தாலும் இன்னொரு முழுச் சாப்பாடு ஆகாத அளவு. இறைச்சியைத் தவிர்க்கும் சுத்தபோசனம் 14 வயது நிறைந்ததிலிருந்தே. தருமத்துக்கும் கணக்கு உண்டு, கையில் இருப்பதை எண்ணிக் கொடுக்கலாம். செபத்துக்கு அப்படி ஓர் அளவுகோல் கிடையாது. செய்தோமா இல்லையா என்று நமக்கே சரியாகத் தெரியாது. முதலில் நழுவிப் போவது அதுதான் என்பதில் என்ன ஆச்சரியம்?

இந்தக் குறையைத் தீர்க்கிறேன் என்று சில வருஷங்களுக்கு முன் ஒரு நோட்டு வாங்கினேன். திருநீற்றுப் புதனிலிருந்து உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின நாளான பெரிய சனி வரை எண்ணினால் 46 நாள், ஞாயிறு ஆறையும் கழித்தால் 40. நாற்பது கட்டங்கள் போட்டேன், ஸ்கேல் வைத்து. தினம் செபமாலை, ஒரு திருப்பாடல், நற்செய்தியில் ஓர் அதிகாரம், வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை, இது போதாதென்று வாட்ஸாப்பில் வரும் தவக்காலச் சிந்தனை ஆடியோ. எல்லாம் முடித்தால் ஒரு டிக்.

முதல் வாரம் பிரமாதம். இரண்டாம் வாரத்தில் பைக் ஓட்டிக்கொண்டே செபமாலை சொன்னேன். ஐம்பத்துமூன்று மணிச் செபத்தையும் என் வாய் தானாகவே சொல்லி முடித்துவிட்டது. மனசு மறுநாள் மீட்டிங்கில் யாரை எப்படி மடக்குவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்ததும் மறக்காமல் டிக் போட்டேன். (வாய்ச்செபம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. என் பாட்டி அதிலேயே வாழ்ந்து அதிலேயே கரை சேர்ந்தவர். நான் அதைப் பிடித்திருந்த விதம் வேறு. ஆண்டவர் குறுக்கே ஏதும் பேசிவிடாதபடி இடைவெளியே விடாமல் நானே பேசிக்கொண்டிருந்தேன்.)

அந்த வாரம் பாவசங்கீர்த்தனத்துக்கு, குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கப் போனேன். வழக்கமான பட்டியலோடு, "செபத்துல பராக்கு அதிகமா இருக்கு சாமி" என்றேன். எத்தனை செபம், எப்போது, எப்படி என்று அவர் விசாரித்தார். நானும் கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு பாவத்துக்குப் பரிகாரமாகச் செய்ய வேண்டிய அபராதத்தைக் கொடுத்தார்: "தினமும் பத்து நிமிஷம் சும்மா உட்காருங்க. அந்த நேரத்துல எந்தச் செபமும் சொல்ல வேண்டாம். உயிர்ப்பு ஞாயிறு வரைக்கும்."

இவ்வளவுதானா என்றிருந்தது. மூன்று முறை "அருள் நிறைந்த மரியே" செபம் சொல்லச் சொல்லியிருந்தால்கூடக் கொஞ்சம் கனமாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தேன்.

மறுநாள் விடியற்காலை நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு, போனில் பத்து நிமிஷ டைமர் வைத்து, திரையைக் கவிழ்த்து உட்கார்ந்தேன். முதலில் முழங்கால் அரித்தது. அப்புறம் மின்விசிறியில் ஒரு "டிக்" சத்தம், அதுவரை கேட்டதே இல்லை. கரண்ட் பில் ஞாபகம் வந்தது. எப்படியும் ஏழு நிமிஷம் ஆகியிருக்கும் என்று போனைத் திருப்பினால், போயிருந்தது இரண்டே கால் நிமிஷம்.

அவிலா தெரேசாவைப் பற்றி அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். 16-ஆம் நூற்றாண்டின் கார்மேல் சபைத் துறவி. திருச்சபைக்கே ஆசான் என்று பொருள்படும் மறைவல்லுநர் பட்டம் 1970-இல் அறிவிக்கப்பட்டவர், அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண். செபத்தைப் பற்றி அவரைவிட ஆழமாக எழுதியவர்கள் குறைவு. அந்த அம்மாவே தன் வரலாற்றில் ஒப்புக்கொள்கிறார்: பல வருஷங்கள், செபத்துக்கென்று ஒதுக்கிய ஒரு மணி நேரம் எப்போது முடியும், கடிகாரம் எப்போது அடிக்கும் என்றுதான் அவர் மனம் காத்துக்கிடந்ததாம். படித்தபோது சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. போனைத் திருப்பிப் பார்ப்பதில் எனக்கு முன்னோடி ஒரு புனிதை!

தவக்காலத்தின் முதல் ஞாயிறு ஒவ்வொரு வருஷமும், பாலைநிலத்தில் நாற்பது நாள் இருந்த இயேசுவை அலகை, அதாவது சாத்தான், சோதித்த கதைதான் வாசகம். மாற்கு அதை இரண்டே வசனத்தில் முடித்துவிடுகிறார். மத்தேயுவும் லூக்காவும் அலகையோடு நடந்த வாக்குவாதம் முழுவதையும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்த நாற்பது நாளும் இயேசு என்ன சொல்லிச் செபித்தார் என்று மூவரில் ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. நாம்தான் அந்த வெறுமையைத் தாங்க முடியாமல் நோட்டுப் போட்டு நிரப்புகிறோம். தவக்காலத்தில் செபங்களைக் கூட்டிக்கொண்டே போவது பல பேருக்குத் தப்பி ஓடும் வழி என்பது என் கட்சி. சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

வெறுமனே உட்கார வரவில்லை என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். அன்றைய நற்செய்தியில் ஒரே ஒரு வரி, அல்லது 51-ஆம் திருப்பாடலில் ஒரு வரி எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வரிக்குப் போகாதீர்கள். பழைய துறவிகள் இதை அசைபோடுதல் என்றே சொன்னார்கள், மாடு அசைபோடுகிற அதே அசைபோடுதல். விளக்க உரை, ஆடியோ எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

எனக்கு அந்தப் பத்து நிமிஷத்தில் தரிசனம் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆறாவது ஏழாவது நிமிஷத்தில், மற்ற சத்தமெல்லாம் ஓய்ந்த பிறகு, தினமும் அண்ணன் முகம் வந்தது. அம்மா கடைசியாகப் படுத்திருந்தபோது யார் பார்த்துக்கொள்வது என்று எங்களுக்குள் ஒரு பேச்சு வந்தது. இரண்டு பேருமே சொல்லக் கூடாததைச் சொன்னோம். அதற்கப்புறம் நாலு வருஷம் பேச்சே இல்லை. பராக்கு, பராக்கு என்று அந்த முகத்தை நான் தினமும் விரட்டிக்கொண்டிருந்தேன். உயிர்ப்பு ஞாயிறும் வந்தது, அபராதம் முடிந்தது என்று எழுந்துவிட்டேன்.

அடுத்த வருஷம் யாரும் சொல்லாமலே மறுபடி உட்கார்ந்தேன். திருநீற்றுப் புதனுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை முதல் வாசகம் இறைவாக்கினர் எசாயா நூலின் 58-ஆம் அதிகாரம். ஆண்டவர் விரும்பும் நோன்பு எது என்று வருகிற பகுதி. பசித்தவனுக்குப் பங்கிடு, வீடற்றவனை உள்ளே அழை, உடையில்லாதவனுக்கு உடை கொடு, இதெல்லாம் எனக்குப் பழக்கமான வரிகள். அந்தப் பட்டியலின் கடைசியில், சொந்த இரத்த உறவுக்கு உன்னை மறைத்துக்கொள்ளாதே என்று ஒன்று இருக்கிறது. எத்தனை வருஷமாக அதைக் கேட்டிருப்பேன்! காதில் விழுந்தது அன்றைக்குத்தான்.

அன்று டைமர் அடிக்கும் வரைகூட உட்காரவில்லை. மூன்று நிமிஷம் பாக்கியிருக்கும்போதே போனை எடுத்தேன். மணி ஆறுகூட ஆகவில்லை. நாலாவது ரிங்கில் எடுத்தான்.

"யாருக்கு என்னாச்சு?" என்றான் அண்ணன், பதறிப்போய்.

"யாருக்கும் ஒண்ணுமில்லண்ணா. சும்மாதான்."