ஒன்பது ஹெலிகாப்டர் வருகிறது, சரி. எங்கே நிற்கும்?

கடலோரக் காவல்படைக்குப் புது ஹெலிகாப்டர் என்றால் நம் ஆட்கள் விலையைப் பேசுவார்கள், இல்லையென்றால் உள்நாட்டுத் தயாரிப்பு என்று பெருமைப்படுவார்கள். 2024 மார்ச்சில் எச்.ஏ.எல். என்ற அரசு விமானத் தயாரிப்பு நிறுவனத்தோடு பாதுகாப்பு அமைச்சகம் போட்ட ஒப்பந்தம் சுமார் 8,073 கோடி ரூபாய். மொத்தம் 34 துருவ் மார்க் 3 ரக ஹெலிகாப்டர்கள். அதில் ராணுவத்துக்கு 25, காவல்படைக்கு 9. அந்த ஒன்பதும் ராத்திரி எந்த ஊரில் நிற்கும் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

இதற்கு முன் வாங்கிய 16 துருவ்களைப் புவனேஸ்வர், போர்பந்தர், கொச்சி, சென்னை என்று ஊருக்கு நாலாகப் பிரித்தார்கள். சென்னைப் பிரிவு 2022 நவம்பர் 30 அன்று தொடங்கியது. தேதியைப் பாருங்கள், ஒக்கி புயல் வந்து சரியாக ஐந்து வருடம். சென்னையிலிருந்து குமரி மாவட்ட மீனவ ஊரான தூத்தூர் நேர்கோட்டில் 600 கிலோமீட்டருக்கு மேல். இரண்டரை மணி நேரம் பறந்து வந்து, எங்காவது இறங்கி எண்ணெய் போட்டுவிட்டுத்தான் தேடவே ஆரம்பிக்க முடியும்.

'கொச்சி பக்கம்தானே அண்ணே' என்று யாராவது பின்னூட்டம் போடுவீர்கள். பக்கம்தான், 200 கிலோமீட்டர். ஆனால் லட்சத்தீவில் ஒருவருக்கு நெஞ்சுவலி என்றாலும் அந்த நாலில் ஒன்று போக வேண்டியிருக்கலாம். அதிலும் ஒன்றிரண்டு எப்போதும் பராமரிப்பில் கிடக்கும்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வாரக்கணக்கில் தங்கி மீன்பிடிக்கும் தூத்தூர், வள்ளவிளை விசைப்படகுகள் போகும் தூரத்துக்கு எந்த ஹெலிகாப்டரும் போய்த் திரும்ப முடியாது. அங்கே டோர்னியர் விமானம் தேடும், கப்பல் போய்த் தூக்கும். ஹெலிகாப்டர் வேண்டியது சின்னப் படகான வள்ளத்தில் போகும் வள்ளக்காரர்களுக்கு. 2017 நவம்பர் 29 சாயங்காலம் போய் மறுநாள் காலையில் கரையேற வேண்டியவர்கள் அவர்கள். கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு மிதந்தார்கள். கை விட்டுப்போகும் நேரத்துக்குள் யாராவது வந்திருக்க வேண்டும். கடைசியில் ஊர்ப் படகுகளே தேடப் போயின. டிசம்பர் 7 அன்று குழித்துறையில் ரயில் தண்டவாளத்தில் ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்தது அந்தக் கோபத்தில்தான்.

இயந்திரத்தைக் குறை சொல்லவில்லை. காவல்படையின் பழைய சேத்தக் ஹெலிகாப்டருக்கு ஒரே எஞ்சின். துருவுக்கு இரண்டு, மூக்கில் ரேடார், இருட்டிலும் ஆளைக் காட்டும் கேமரா, கழற்றி மாட்டும் தீவிர சிகிச்சை வசதி. ஆனாலும் மேலிருந்து ஆளைத் தூக்குவது லேசான வேலை இல்லை. படகில் கம்பம், ஆன்டெனா, கயிறு என்று விசிறியில் சிக்க ஆயிரம் இருக்கும். இறங்கும் கம்பி முதலில் தண்ணீரையோ தளத்தையோ தொட வேண்டும், அதற்கு முன் கை வைத்தால் மின் அதிர்ச்சி அடிக்கும். இது நம் வள்ளக்காரர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? வருடத்துக்கு ஒருமுறையாவது ஊர்க் கடற்கரையில் ஒத்திகை வைத்துக் காட்டலாம்.

அப்புறம் அந்த வேலை செய்பவர்களின் உயிர். 2024 செப்டம்பர் 2 இரவு, எண்ணெய்க் கப்பலில் அடிபட்டவரைத் தூக்கப் போன துருவ் போர்பந்தர் கடலில் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். 2025 ஜனவரி 5 அன்று அதே போர்பந்தர் விமான நிலையத்தில் இன்னொன்று விழுந்து மேலும் மூன்று பேர். ஜனவரி விபத்தில் விசிறி இலைகளின் கோணத்தை மாற்றும் ஸ்வாஷ்பிளேட் முறிந்தது என்று விசாரணை காட்டியது. முப்படைகளிடமும் காவல்படையிடமும் இருந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட துருவ்களும் மாதக்கணக்கில் தரையிறக்கப்பட்டன. கடலில் ஆள் விழுந்தால் தூக்க வேண்டிய வண்டி முழுக்க ஒரே மாடலாக இருந்தால் இதுதான் நடக்கும். ஆகவே புதியதற்குப் பணம் கட்டுமுன், முறிந்த பாகம் ஏன் முறிந்தது, என்ன மாற்றினார்கள் என்று எச்.ஏ.எல். பொதுவில் சொல்ல வேண்டும். ராணுவ ரகசியம் என்று மூடிவைக்க இதில் ஒன்றும் இல்லை.

குமரியில் ஹெலிகாப்டர் தளம் வேண்டும் என்று ஒக்கியிலிருந்தே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். தளம் கட்ட நிலம், நிதி, சுற்றுச்சூழல் அனுமதி என்று பத்து வருடம் இழுக்கும். இழுக்கட்டும். அதுவரை தூத்துக்குடி விமான நிலையத்தில் இரண்டை நிறுத்தலாமே? 2025 ஜூலையில் புது முனையம் திறந்த இடம். காவல்படைக் கப்பல்கள் ஏற்கனவே அந்த ஊரில்தான் இருக்கின்றன. அங்கிருந்து தூத்தூர் கரைக்கு அரை மணி நேரம்.