தாலி கட்டுறதை எங்களையும் கொஞ்சம் பாக்க விடுங்கய்யா

கெட்டிமேளம் கொட்டுற அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் ராத்திரி பஸ் ஏறி, விடியக்காலம் நாலு மணிக்கு எழுந்து குளிச்சு, பட்டு கட்டிக்கிட்டு ஜனங்க வந்து உக்கார்றாங்க. அந்த நிமிஷத்துல மண்டபத்துல இருக்கிற 500 பேருக்கும் தெரியிறது என்ன? ஆறு முதுகு. ஸ்டில் ரெண்டு, வீடியோ ரெண்டு, கேண்டிட் ஒண்ணு, லைட்டைத் தூக்கிப் பிடிக்கிற பையன் ஒண்ணு. இதுபோக தலைக்கு மேல ஊசலாடுற கிரேன். பத்தடி தள்ளி நடக்கிற கல்யாணத்தை எல்ஈடி திரையில அண்ணாந்து பாக்கணும்னா எதுக்குய்யா பத்திரிகை வச்சுக் கூப்பிட்டீங்க?

அட்சதை கதை அதைவிட மோசம். கிட்டப் போக வழியில்லாததால முப்பதடி தூரத்துல இருந்து வீசுறோம். பாதி கேமராக்காரர் சட்டையில, மீதி ஐயர் தலையில. உடையாத பச்சரிசியில மஞ்சள்தூள், ரெண்டு சொட்டு நெய் விட்டுக் கையால பிசிறினா உதிரி உதிரியா நிக்கும். அதை மஞ்சத்தண்ணியில ஊறவச்சுக் கட்டியாக்கிக் குடுத்துடுறாங்க. தூரத்துல இருந்து எறியும்போது அது பொண்ணு கண்ணுல பொட்டுனு விழுது. பூ மாதிரி தலையில தூவ வேண்டியதய்யா அது, கல்லெறியிற மாதிரி ஆக்கிட்டீங்க.

தாலி கட்டுறது பாக்கத்தான் சுலபம். கழுத்துல ரெண்டு மாலை, பின்னால பூஜடை. மேக்கப் பண்றவங்க அந்த ஜடையைப் புடவையோட சேத்துப் பின் குத்தி வச்சிருந்தா, கயிறு நுழைய இடமே இருக்காது. மஞ்சள் பூசின கயிறு ஈரமா இருந்தா முடிச்சு வழுக்கும். பல சமூகங்கள்ல முதல் முடிச்சு மாப்பிள்ளை, மத்த ரெண்டும் நாத்தனார். அந்த நாத்தனார் ஒரு கையால மாலையைத் தூக்கி, ஜடையை ஒதுக்கி, பொண்ணு முடி முடிச்சுல சிக்காம விரல் வச்சுத் தடுக்குறா பாருங்க, பாசம்னா அதுதான். அந்த நேரம் பாத்து, "அக்கா, கொஞ்சம் நகருங்க, ஃபிரேம் மறைக்குது"னு ஒரு குரல். யாரு யாரை மறைக்கிறது?

மெட்டி போடுறப்ப இன்னும் கொடுமை. மெட்டி வாய் திறந்த வளையம். விரல்ல மாட்டிட்டு மெதுவா அமுக்கிச் சேக்கணும். மாப்பிள்ளை குனிஞ்சு, "வலிக்குதா?"னு வாய்க்குள்ள கேட்டுக்கிட்டே அமுக்குவாரு. அப்ப "சார், மேல பாருங்க, சிரிங்க"ன்னா அவரு பார்வை கேமராவுக்குப் போகும், மெட்டி வாய்க்குள்ள பொண்ணு விரல் சதை மாட்டும். ஆல்பத்துல ரெண்டு பேரும் சிரிக்கிறாங்க, ஒருத்திக்குக் கால்ல உயிர் போகுது. குடத்துல மோதிரம் தேடுற சடங்கு மட்டும்தான் இன்னும் தப்பிச்சிருக்கு. கையில கிடைச்ச மோதிரத்தை அவ கைக்குத் தள்ளிவிட்டு, தோத்த மாதிரி முழிக்கிற மாப்பிள்ளைங்க இருக்காங்க. குறுகின வாய்க்குள்ள கேமரா போகாது, நல்லவேளை.

முதல்நாள் வரவேற்புக்கு வாங்க. ஒரு கணக்குப் போடுவோம். 300 குடும்பம் மேடை ஏறுது. மொய்க்கவர் குடுத்து, வரிசையா நின்னு, படம் எடுத்து இறங்க ஒவ்வொண்ணுக்கும் 40 நொடின்னு வச்சாலே 200 நிமிஷம், அதாவது மூணேகால் மணி நேரத்துக்கு மேல. ஹீல்ஸ் செருப்புல, கனமான லெஹங்காவுல, ஒரு வாய் தண்ணி இல்லாம நிக்கிறா அந்தப் பொண்ணு. பத்தரைக்குச் சாப்பிடப் போனா இடியாப்பம் தீந்திருக்கும். அங்கயும் விடுறதில்லை. "ஜாங்கிரியை ஊட்டி விடுங்க, ஒன்ஸ் மோர்!" பசியில கிடக்கிற புள்ளைங்களுக்கு ஜாங்கிரியா?

அடுத்து, "நெத்தியில முத்தம் குடுங்க சார்". பெரியவங்க பாத்து முடிச்ச கல்யாணம், ரெண்டு பேரும் நேர்ல நாலு தடவை பேசியிருந்தா அதிகம். எதிர்ல மாமனார், பக்கத்துல அப்பத்தா. சொல்லிக் குடுத்துக் குடுக்க வைக்கிற முத்தத்துல கூச்சம்தான் பதிவாகும். ஓமப் புகையில மாப்பிள்ளை கண்ணு கலங்குறப்ப, ஐயர் குடுத்த துண்டைப் பொண்ணு சட்டுனு நீட்டுறா பாருங்க, அதை எவனும் எடுக்க மாட்டான். அப்ப எல்லாரும் பேட்டரி மாத்திக்கிட்டு இருப்பாங்க.

சுயமரியாதைக் கல்யாணத்துல புகை இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். முதுகுச்சுவர் அங்கயும் இருக்கு. 1967-ல அண்ணா ஆட்சியில இந்து திருமணச் சட்டத்துக்குக் கொண்டு வந்த 7-ஏ பிரிவு ரொம்ப எளிமையானது. உறவினர், நண்பர், மத்தவங்க முன்னிலையில ரெண்டு பேரும் தங்களுக்குப் புரியிற மொழியில ஏத்துக்கிறோம்னு சொல்லணும், இல்லைன்னா மாலையோ மோதிரமோ மாத்தணும், இல்லைன்னா தாலி கட்டணும். எதைச் செஞ்சாலும் அந்த முன்னிலை வேணும். அந்த முன்னிலையைத்தான் மறைச்சுட்டு நிக்கிறீங்க.

கேமராக்காரரை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை. அவங்க கூலிக்கு வேலை செய்றவங்க, "நாத்தனார் முடிச்சுப் படம் எங்க?"னு நாளைக்குச் சண்டைக்கு வரப்போறது நாமதான். முன்பணம் குடுக்கிறப்பவே பேசுங்க. முகூர்த்தத்துக்கு மேடையில ரெண்டே பேர், மணவறைக்கு இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர், முட்டி போட்டு. நடுவுல யாரும் கூடாது. மத்தவங்க மேடைக்குக் கீழ ஜூம் லென்ஸோட நிக்கட்டும். வரவேற்புல ஏழரைக்கு வரிசையை நிறுத்தி, 20 நிமிஷம் பொண்ணு மாப்பிள்ளையைச் சாப்பிட அனுப்புங்க. வந்தவங்க அதுக்குள்ள ஒரு பந்தி முடிச்சுட்டு வரலாம், நாற்காலிக்குப் பின்னால நின்னு அடுத்தவன் இலையில மோர் வந்துடுச்சான்னு எட்டிப் பாக்கிற கூட்டமும் குறையும்.

கடைசியா, பொண்ணை வழியனுப்புற இடம். ட்ரோன் மேல ஏறலைன்னு ஏறின பொண்ணைக் கார்ல இருந்து இறக்கி மறுபடி ஏறச் சொல்றது எந்த ஊரு நியாயம்? அவங்க அப்பா டிக்கிகிட்ட நின்னு, ஏற்கெனவே அடுக்கின பெட்டியையே திரும்பத் திரும்ப அடுக்கிக்கிட்டு இருப்பாரு. அவரைத் தேடிப் பிடிச்சு, "சார், பொண்ணைக் கட்டிப்பிடிச்சு அழுங்க, லைட் போகுது"ங்கிறான். அந்த மனுஷனை விட்டுடுங்கய்யா, பெட்டியை அடுக்கட்டும்.